நடுங்காத கை

என் கல்யாண வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. ஆசையில் பார்த்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். திருட்டு நடந்த கடையில் போலீஸ்காரர்கள் கேமராப் பதிவை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் கம்ப்யூட்டர் ரோஜாப்பூக்கள் கொட்டிக்கொண்டே இருக்கும். இதய வடிவத்துக்குள் எங்கள் முகங்கள் சுற்றிச் சுற்றி வரும். அதையெல்லாம் தள்ளிவிட்டு நேராக இணைச்சீருக்குப் போய்விடுவேன்.

எங்கள் பக்கக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையும் அவரோடு பிறந்தவளும் சேர்ந்து நிற்பார்கள். கூறைச்சேலையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை அவள் கையில். பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளைக் கைவிடாதே என்று அர்த்தம். என் வீடியோவில் அப்படி நிற்பவர் என் கணவரின் அக்கா. நாத்தனாரை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். பட்டுச்சேலையும் சிரித்த முகமுமாக மகாராணி போல நிற்பார். அந்தச் சில நிமிடங்களில் என் கணவரின் உதடுகள் மூன்று முறை அசைகின்றன. எதிரே பேச யாரும் இல்லை. மூன்று முறையும் நங்கையா சிரிப்பு மாறாமல் சேலை மறைவில் அவர் முழங்கையைக் கிள்ளுகிறார். உதடு நின்றுவிடுகிறது.

நான் அந்த நேரத்தில் உள்ளறையில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பிறந்த ஊர் ஆட்டையாம்பட்டி. அப்பா விசைத்தறி வைத்திருந்தார். புதுச்சத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் குடும்பம், ஒரே பையன், ஒரே அக்கா, அவரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, மாப்பிள்ளை அதிர்ந்து பேசமாட்டார் என்று சொல்லித்தான் என்னைக் கொடுத்தார்கள். தாலி கட்டும்போது குனிந்த தலையோடு அவர் கையை மட்டும்தான் பார்த்தேன். மூன்று முடிச்சும் போட்டு முடிகிறவரை அந்தக் கை துளி நடுங்கவில்லை. பின்னால் நின்ற என் சின்னம்மா, "கையி ஆடாம கட்டறாரு பாரு, தகிரியமான ஆளு" என்று என் காதில் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு பண்ணை செட்டுக்குள் போய் மணிக்கணக்கில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கேட்டால், கோழிச் சத்தத்துக்குள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பேசுகிறார்கள் என்றார். "இப்பக் குனியறான். இப்பத் தீவனம் அள்ளறான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவரைப் பற்றியே பேசுகிறார்களாம். அடுத்து, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் ஹாரன் எல்லாம் அவருக்குச் சொல்லியனுப்பிய செய்தி ஆனது. அதற்கும் அடுத்து நான். என்னை யாரோ அனுப்பிவைத்திருக்கிறார்கள், என் மெட்டிக்குள் ஏதோ இருக்கிறது என்றார். கழற்றித் தரச் சொன்னார். தந்தேன். வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகடாக்கினார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அப்போதே தெரிந்தது, இவர் என்னைப் பயமுறுத்தவில்லை, என்னைவிட இவர்தான் பயந்துபோயிருக்கிறார் என்று.

விஷயம் கேள்விப்பட்டு அப்பா வந்தார். கூடத்தில் மாமியாரும் நங்கையாவும் உட்கார்ந்திருந்தார்கள். நங்கையாதான் பேசினார்.

"எங்க தம்பி தங்கமாட்டம் இருந்தானுங்க. உங்க புள்ள காலெடுத்து வெச்ச நேரமுங்க. என்ன தோசத்த மறைச்சுக் கட்டிக்குடுத்தீங்களோ, உங்களுக்குத்தான் தெரியோணும்."

மறைத்தது யார், மறைத்தாய் என்று சொல்வது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் தோள்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று ஒரு பெண்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். கொண்டுவந்த பழப்பையை வைத்துவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவேயில்லை. மூன்று வருடம் கழித்து இறந்துபோனார். நங்கையாவை நான் மன்னிக்காததற்கு ஒரு காரணம் போதும் என்றால் அந்தத் துண்டு போதும்.

கோயில், மந்திரிப்பு, எலுமிச்சை எல்லாம் முடிந்து, ஒரு நாள் நானே அவரை பஸ்ஸில் ஏற்றி சேலத்துக்கு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மருத்துவர் கேட்டதும் என் கணவர் வெகு இயல்பாக, "முன்னாடி ஈரோட்டுல பாத்தமுங்க, காலேஜ் படிக்கறப்ப" என்றார். அதை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரைக் கேட்டேன். "அது எப்பவோ ஒருக்கா வந்துது. சரியாப்போயி, மாத்திரைய நிறுத்தியே வருசக்கணக்காச்சு" என்றார். அந்த வாரம்தான் வீடியோவை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று கிள்ளலையும் கண்டுபிடித்தேன்.

ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை முதன்முதலில் அந்த மருத்துவரிடம்தான் கேட்டேன். மனச்சிதைவு நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். ஊரில் எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும், அதாவது சினிமாவில் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறி, குரலை மாற்றிக் கத்துவதுதான் அது என்று நினைக்கிறார்கள். அது வேறு. இது அதுவல்ல. என் கணவர் ஒருநாளும் இன்னொருவராக மாறவில்லை. அவராகவே இருந்துகொண்டுதான் அத்தனையும் பட்டார்.

மருத்துவரின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. மாதம் ஒருமுறை அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து நான் படித்ததுதான் என் படிப்பு. சேலம் டவுனிலிருந்து ஓர் அம்மா வருவார். கையில் ஜெபமாலை. அவருடைய மகன் ஒரு கையைப் பாதி தூக்கினால் தூக்கியபடியே இருப்பான். அந்த அம்மா மெதுவாக இறக்கிவைத்தால், வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். கூப்பிட்டால் கேட்கும், பதில் வராது. இன்னொரு மூலையில் ஒரு கல்லூரிப் பெண் ஓயாமல் பேசுவாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமான சொல், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. மாமா இறந்த சேதியைச் சொல்லிக்கொண்டே சிரிப்பாள். அவர்கள் இருவருக்கும் என் கணவருக்கும் சீட்டில் ஒரே நோயின் பெயர்தான் எழுதியிருக்கிறது என்று தெரிந்தபோது நான் நம்பவில்லை.

"முந்தியெல்லாம் புத்தகத்துல வகை வகையாப் பிரிச்சு வெச்சிருந்தோம்மா" என்றார் மருத்துவர். "சந்தேகம் அதிகமா இருந்தா ஒரு பேரு, உறைஞ்சு போனா ஒரு பேரு, பேச்சும் நடத்தையும் குழம்புனா ஒரு பேரு. இப்ப அப்படிப் பிரிக்கறதில்லை. ஒரே ஆளுக்கே ஒரு வருஷம் ஒண்ணு, மறு வருஷம் வேற ஒண்ணு வருது. அதனால பேரை விடுங்க. இவருக்கு என்ன சேர்ந்திருக்கு, என்ன குறைஞ்சிருக்கு, அதை மட்டும் பார்த்துக்கிட்டு வாங்க."

சேர்ந்தது என்றால் குரல்கள், சந்தேகம். மாத்திரை அவற்றை ஓரளவு அடக்கியது. குறைந்தது என்றால் பேச்சு, ஆசை, எழுந்து பல் துலக்க வேண்டும் என்கிற எண்ணம். அது அத்தனை சீக்கிரம் திரும்பவில்லை. இரண்டு வருடம் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குளி என்று நான்கு முறை சொன்னால் ஒரு முறை குளிப்பார். சந்தேகத்தில் அலைந்தபோது ஊர் பயந்தது, பரிதாபப்பட்டது. சும்மா உட்கார்ந்தபோது ஊருக்கு வெறுப்பு வந்தது. அதுவும் நோய்தான் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நங்கையா வரும்போதெல்லாம், "உக்காத்தி வெச்சு சோறு போட்டா எவன் எந்திரிப்பான்? இவதான் கெடுத்து வெச்சிருக்கறா" என்று என் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். முட்டை அட்டையை மட்டும் மறக்காமல் வாங்கிப்போவார்.

மெல்ல மெல்ல எழுந்தார். காலையில் செட்டுக்குப் போனார். மாமியார் காலமானபின் பண்ணையை நான் எடுத்துக்கொண்டேன், அவர் தீவனமும் தண்ணீரும் பார்த்துக்கொண்டார். குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. "தூரத்துல பேசறாங்க, நமக்கென்ன" என்பார். காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. அந்த மாத்திரையால் கையில் ஒரு நடுக்கம் வந்தது. மருத்துவர் மாற்றிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார், கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை, ஆனால் ஊர் சம்பந்தப்படுத்திக்கொண்டது. பரவாயில்லை, வாழ்ந்தோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம் நங்கையாவின் மகளுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு சங்ககிரி, லாரிகள் ஓட்டும் குடும்பம். கல்யாணத்தில் பெண்ணுக்கு நெற்றிப்பட்டம் கட்டுவது தாய்மாமனின் உரிமை. மெல்லிய தகட்டில் செய்த பட்டம், இரண்டு பக்கமும் நூல், அதைப் பின்தலையில் முடிச்சுப் போட வேண்டும். நங்கையா முதலில் தூரத்துப் பங்காளி ஒருவரை வைத்து முடித்துவிடத்தான் பார்த்திருக்கிறார். சங்ககிரிக்காரர்கள், சொந்த மாமன் இருக்கும்போது எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். அதனால் பத்து வருடமாக எந்த விசேஷத்துக்கும் எங்களைக் கூப்பிடாதவர், தாம்பாளத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

என் கணவர் செட்டில் இருந்தார். நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் சாமி பாத்துப் பண்ணோணும். பத்துப் பதினஞ்சு நாளைக்கு அந்த மாத்திரைய நிறுத்திப்போடு. கையி ஆடாம பட்டத்தக் கட்டிப்போட்டான்னா போதும், பொறவு குடு. ஒண்ணும் ஆவாது. உங்க கண்ணாலத்துக்கும் அப்படித்தான பண்ணுனோம்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. காபி டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் எழுந்து உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். அடுப்பு எரியவேயில்லை.

மாத்திரையை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது என்று மாமியார் சொன்னது பொய். நல்லபடியாக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதனுக்கு, மேடையில் கை ஆடக்கூடாது என்பதற்காக நிறுத்தியிருக்கிறார்கள். நான் பெருமைப்பட்ட அந்த நடுங்காத கைதான் அவரை மறுபடியும் நோயில் தள்ளிய கை. அதற்குப் பிறகு என் அப்பாவை உட்காரவைத்து, என் காலடி சரியில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். மாமியார் செத்துத் தப்பித்துவிட்டார். மிச்சம் இருப்பது நங்கையா ஒருவர்.

திரும்பி வந்து, "சரிங்க நங்கையா, நிறுத்திப்போடறேன்" என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். உண்மையிலேயே நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். பதினைந்து நாள் அல்ல, அன்றிலிருந்து கல்யாணம் வரைக்கும் முழுசாக. அத்தனை சனத்துக்கு நடுவில், மைக்கும் கேமராவும் இருக்கும்போது, குரல்கள் வந்து அவரை மேடையில் பிடித்துக்கொள்ளட்டும். நங்கையாவின் மானம் சங்ககிரி வரைக்கும் போகட்டும். மறுநாள் காலை எட்டு மணிக்கு மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, கேட்கட்டும் பார்க்கலாம் என்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எட்டு ஐந்துக்கு அவர் டம்ளரில் தண்ணீரோடு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் டம்ளரில் ஆடிக்கொண்டே இருந்தது. எட்டரை ஆனது. எட்டே முக்கால் ஆனது. நான் நிமிரவில்லை.

"மறந்துட்டியா?" என்றார் கடைசியில். "பரவால்ல. நானும் அப்ப நெனப்பு பண்ணிப் பண்ணி அம்மாகிட்டக் கேட்டேன். கண்ணாலம் முடியட்டும் தாரேன்னாங்க. முடிஞ்ச பொறவு கேட்டேன், புதுப்பொண்ணு பாத்துப்போடும், சித்த நாள் போகட்டும்னாங்க. அப்பறம் எனக்கே கேக்கோணும்னு தோணுல."

முந்தானை முடிச்சை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. ஆத்திரத்தில் பல்லால் கடித்து அவிழ்த்தேன். அவர் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தபோது என் கைதான் அதிகம் நடுங்கியது. நங்கையா பதினைந்து வருடத்துக்கு முன் செய்ததை, நான் முக்கால் மணி நேரம் செய்துவிட்டேன். அதற்கும் சேர்த்து நங்கையா மேல்தான் கோபம் வந்தது.

அக்கா என்ன கேட்டார் என்பதை அவரிடம் அன்றே சொன்னேன். "நான் மாத்திரை போட்டுக்கிட்டே வாரேன்" என்று மட்டும் சொன்னார். நான் வேறு வழி பிடித்தேன். கணக்குநோட்டுத் தாளில் பேச வேண்டியதையெல்லாம் எழுதினேன். மேடையில் மைக்கை வாங்கி, கிள்ளியதிலிருந்து அப்பாவின் துண்டு வரை ஒன்று விடாமல் வாசிப்பது. நான்கு முறை திருத்தினேன். கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தேன். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனேன்.

காலை முகூர்த்தத்துக்கு முன் பட்டம் கட்டக் கூப்பிட்டார்கள். என் கணவர் புது வேட்டியில் மேடை ஏறினார். தகட்டைக் கையில் எடுத்ததுமே அது விளக்கொளியில் படபடவென்று ஆடியது. நங்கையா என்னைப் பார்த்த பார்வையை எத்தனை கோடி கொடுத்தாலும் நான் விற்க மாட்டேன். முதல் முடிச்சு நழுவியது. இரண்டாவதும் நழுவியது. முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நங்கையா சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய், வீடியோவில் போலவே, அவர் முழங்கையைப் பிடித்தார்.

"காச்சலுங்க தம்பிக்கு, அதான் கையி ஆடுது" என்றார் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து.

நான் கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டு மேடைப் படிக்கட்டில் கால் வைத்தேன்.

"காச்சல் இல்லீங்க" என்றார் என் கணவர். மைக் பக்கத்திலேயே இருந்தது. "எனக்கு மனச்சிதைவு நோயிங்க. காலேஜ் காலத்துல இருந்து இருக்குதுங்க. மாத்திரை சாப்புடறேன், அதுனால ஆடுது. சித்த இருங்க, கட்டிப்போடறேன்."

பிறகு முழங்கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். மணப்பெண் முழங்கால் மடித்து இன்னும் தாழ உட்கார்ந்து, கழுத்தை ஆடாமல் வைத்துக்கொண்டாள். மூன்றாவது முறையும் நழுவியது. நான்காவது முறை முடிச்சு விழுந்தது.

"இறுக்கமா இருக்குதா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங் மாமா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. பதினைந்து வருடமாக நான் வளர்த்த பழியை, கோபமே இல்லாமல் நான்கு வரியில் சொல்லி முடித்துவிட்டார். கல்யாணம் நிற்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் எழுந்து வெளியே போனார், வெற்றிலை போடப் போனாரோ என்னவோ தெரியாது. என் தாள் வியர்வையில் ஊறிப் போயிருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. போட்டுப் பார்த்தேன். ரோஜாப்பூக்கள் கொட்டின, இதயங்கள் சுழன்றன. பட்டம் கட்டும் காட்சி இல்லை. தகடு பெண்ணின் நெற்றியில் தானாக முளைத்தது போல இருந்தது. வெட்டச் சொன்னது யார் என்று கேட்கவே வேண்டியதில்லை. நான் ராசிபுரம் பஸ் பிடித்து, படமெடுத்த பையனின் ஸ்டுடியோவுக்கே போய், வெட்டாத முழுப் பதிவையும் பென் டிரைவில் வாங்கிவந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நங்கையா வந்தார், மகளின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குச் சொல்ல. நல்லபடியாக உட்காரவைத்தேன். காபி கொடுத்தேன். பிறகு டிவியைப் போட்டேன். படபடவென்று தகடு ஆடியது. நங்கையாவின் கை டம்ளரோடு பாதியில் நின்றது. "காச்சலுங்க தம்பிக்கு" என்று டிவியில் அவர் குரலே அவருக்குக் கேட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இதைப் பார்க்க நான் இன்னும் பதினைந்து வருடம் காத்திருந்திருப்பேன்.

என் கணவர் செட்டிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். முடிச்சு விழுகிற இடத்தில் சிரித்தார்.

"பட்டம் கட்டுனது எனக்கு நல்லா நெனப்பிருக்குதுக்கா" என்றார். "அவ நெத்தி வேர்த்திருந்தது வரைக்கும். இவளுக்குத் தாலி கட்டுனதுதான் எனக்குக் கொஞ்சங்கூட நெனப்பில்ல. அன்னைக்கு எங்காதுக்குள்ள அந்த ஆம்பளையும் பொம்பளையும் ரொம்பச் சத்தமாப் பேசிக்கிட்டிருந்தாங்க."

சொல்லிவிட்டு, எட்டு மணி மாத்திரைக்குத் தண்ணீர் மொள்ள உள்ளே போனார். நங்கையா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரிமோட்டை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து போட்டேன்.